வெள்ளிக்கிழமை புதுவயல் பக்கம் கச்சேரி: யாரெல்லாம் வர்றீங்க?

வளவுத்திண்ணை | செவ்வாய் காலை 7.10

வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம பக்கத்து இன்னிசைக் குழு, காரைக்குடிக்குக் கிட்ட புதுவயல் பக்கம் வாசிக்கிறாக. கண்டனூர்ல இருந்து உள்ள பிரியுற ரோட்டுல, அம்மன் கோயில் திடல். நோட்டீஸை மச்சான் வாட்ஸ்அப்ல அனுப்பினான். மஞ்சத் தாள்ல பால்குடம், அன்னதானம், வாணவேடிக்கை எல்லாம் கொட்டை எழுத்துல போட்டுட்டு, கடைசி வரியில "இரவு 8 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி". குழுப் பேரு அதுக்கும் கீழ, அச்சகத்து பேரை விடக் கொஞ்சம் பெருசா.

டிக்கெட் போட்டு மண்டபத்துல நடக்குற கச்சேரிக்கெல்லாம் இவுகளை யாரும் கூப்பிடுறதில்லை. திருவிழா, கல்யாண வீடு, காதுகுத்து, அம்புட்டுத்தான். ஆனா குழலுக்கு ஆள் இருக்கு, தபேலாவுக்கும் டோலக்குக்கும் தனித்தனி ஆள், பேஸ் கிட்டார் இருக்கு. இன்னிக்குத் தேதிக்கு நம்ம பக்கம் இத்தனை பேரை மேடையில உக்கார வைக்கிற குழுவை விரல் விட்டு எண்ணிரலாம். நான் கோயமுத்தூர்ல இருந்து கிளம்பி வர்றேன். வேற யாரு?

நெறியாளர் | செவ்வாய் காலை 7.45

வழக்கம்போலத்தான்: குழுப் பேர், கலைஞர் பேர், போன் நம்பர் எதுவும் இங்க வேண்டாம். பாடகி ஒருத்தருக்கு முன்னே வந்த தொல்லை போதும். ஊர் தெரிஞ்சா வர்றவங்க வந்துருவாங்க.

கல்லூரிக்காரி | செவ்வாய் மதியம் 1.05

அண்ணா, நான் அழகப்பாவுல படிக்கிறேன். நாங்க மூணு பேர், எல்லாரும் பொண்ணுங்க. எட்டு மணின்னா எட்டுக்கே ஆரம்பிச்சுடுவாங்களா? திரும்பி வர பஸ் இருக்குமா? நான் இதுவரை நேர்ல கேட்டதெல்லாம் காலேஜ் விழாவுக்கு வர்ற பேண்டுதான். திருவிழாக் கச்சேரி கேட்டதே இல்ல.

அரியக்குடி_ஆச்சி | செவ்வாய் மதியம் 2.30

எட்டுன்னு போட்டா ஒன்பதுன்னு வச்சுக்கத்தா. அம்மன் புறப்பாடாகி வீதி சுத்தி நிலைக்கு வந்தாத்தான் மேடையில மைக்கைத் தொடுவாக. பஸ்ஸை நம்பாதீங்க. போறப்ப டவுன் பஸ் கிடைக்கும், முடிஞ்சு வர்ற நேரத்துக்கு ஒண்ணும் இருக்காது. காரைக்குடியிலேயே போக வர ஆட்டோ பேசிக்கங்க, தெரிஞ்ச ஆட்டோவா இருந்தா நல்லது. நானும் என் மருமகளும் வர்றோம், எங்களோட உக்காரலாம். பாய் நான் கொண்டாறேன். ராத்திரி மணல்ல ஈரம் இறங்கிரும். ஒரு சால்வை எடுத்துக்கங்க. ராச்சாப்பாட்டை முடிச்சுட்டு வாங்க. திடல்ல பஜ்ஜியும் பஞ்சுமிட்டாயும்தான்.

மைக்செட்_வீட்டுப்பிள்ளை | செவ்வாய் மாலை 6.15

அப்பா காலத்துல இருந்து ரேடியோ செட் தொழில்ல இருக்கோம், அதனால ஒண்ணு சொல்றேன். முன்னாடி உக்காந்தாத்தான் நல்லாக் கேக்கும்னு எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு முதல் வரிசைக்குப் போவாங்க. அங்க உக்காந்தா பாட்டே கேக்காது. ரெண்டு பக்கமும் நிக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ் உங்களைத் தாண்டி பின்னாடி இருக்கிற கூட்டத்தைப் பார்த்து இருக்கும். உங்களுக்கு வர்றது, வாசிக்கிறவங்க கேக்குறதுக்கு வச்ச மேடை மானிட்டர் ஸ்பீக்கர்ல இருந்து கசியுறதும் டிரம்ஸோட நேர் சத்தமும்தான். பாடுறவங்க வாய் அசையும், வார்த்தை வராது.

போனதும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் எங்க போட்டிருக்குன்னு பாருங்க. அதுக்கு ரெண்டு மூணு கெஜம் முன்னாடி, மேடைக்கு நடுவா உக்காருங்க. ஆப்பரேட்டர் தன் காதுக்கு எது சரியோ அப்படித்தான் வச்சிருப்பார். அவர் கேக்கிறதையே நீங்களும் கேக்கலாம். ஆனா மிக்சரை மேடை மேலேயே ஒரு ஓரத்துல வச்சிருந்தா அன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாது, கடவுள் விட்ட வழி.

ரஸ்தா_ராஜா | செவ்வாய் இரவு 9.50

இதுக்கு ஏன் இந்த அலட்டல்னு புரியலை. எல்லாம் சினிமாப் பாட்டு. எஸ்.பி.பி. குரலே போன்ல இருக்கு, நல்ல ஹெட்போன் இருக்கு. அதே பாட்டை வேற ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கிட்டுப் பாடுறதைக் கேக்கக் கோயமுத்தூர்ல இருந்து பெட்ரோல் போட்டுட்டு வரணுமா? எங்க தெருவுல போன வருஷம் டிஜே வச்சோம். பாதிச் செலவு, ரெண்டு மடங்கு கூட்டம்.

பேட்_காரன் | புதன் காலை 6.40

ராஜாண்ணே, நீங்க சொன்ன எஸ்.பி.பி.யே 1960-களோட கடைசியில மேடைக் கச்சேரிக் குழு வச்சிருந்தவர்தான். அந்தக் குழுவுல இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் மூணு பேரும் வாசிச்சாக. அதுக்கு முன்னாடி அண்ணன் பாவலர் வரதராசனோட ஊர் ஊராக் கட்சி மேடையில வாசிச்சவுகதான் இவுக. அப்படி மேடையில கை பழகின இளையராஜாவைத்தான் நம்ம சிறுகூடல்பட்டிக்காரர், சினிமாவுக்குக் கதை வசனம் எழுதுன பஞ்சு அருணாசலம் 1976-ல சினிமாவுக்குக் கொண்டாந்தாரு. உங்க ஹெட்போன்ல ஓடுறதுக்கு விதை போட்ட இடம் இந்த மாதிரித் திடல்தான்.

இன்னொண்ணு. நீங்க ரஸ்தாக்காரர்னு பேர் வச்சிருக்கீங்க. போர்க்காலத்துல சென்னை காலியானப்ப ஏ.வி.எம். ஸ்டுடியோ கொட்டகை போட்டு நடந்தது காரைக்குடியில இருக்கிற அந்த தேவகோட்டை ரஸ்தாவுலதான். டிஜே மட்டும் போதும்னு அந்த மண்ணுல நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க.

நான் வேற ஒரு குழுவுல பேட், அதாவது எலக்ட்ரானிக் தாளத் தட்டு, வாசிக்கிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை, கேக்க வர்றேன்.

ரஸ்தா_ராஜா | புதன் காலை 8.20

பாடம் எடுத்ததுக்கு நன்றி. ஒன்பதுக்கு ஆரம்பிச்சா பத்துக்குப் போலீஸ் வந்து நிறுத்திரும். ஒரு மணி நேரக் கச்சேரிக்கா இத்தனை பேச்சு?

மைக்செட்_வீட்டுப்பிள்ளை | புதன் காலை 9.00

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதுன்னுதான் இருக்கு. அதே விதியிலேயே, கோயில் திருவிழா, கலை நிகழ்ச்சி மாதிரி சமயத்துல மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கூடாதுன்னும் இருக்கு. நம்ம ஊருத் திருவிழாவுக்கு அந்த நாள் வாய்க்குமாங்கிறது வேற விஷயம். நடைமுறையில அனுமதித் தாள்ல என்ன மணி எழுதியிருக்கோ அதுதான் கணக்கு.

இன்னொரு சிக்கல் பேர்ல இருக்கு. இன்னிசைக் கச்சேரின்னு மனு எழுதினா ஓரளவு சுலபம். "ஆடல் பாடல்"னு எழுதிட்டா ஆயிரம் நிபந்தனை, சில ஊர்க்காரங்க மதுரை ஹைகோர்ட் வரைக்கும் போய் அனுமதி வாங்கிட்டு வர்றாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா வெளியில இருக்கிறவங்க ஒண்ணாத்தான் பாக்கிறாங்க. இதுல அடி வாங்குறது குழல் வாசிக்கிற பெரியவருதான்.

சிங்கப்பூர்_பங்காளி | புதன் இரவு 10.30

யாராவது யூடியூப்ல நேரலை போடுங்கப்பா. வருஷா வருஷம் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற தலைக்கட்டு வரி அனுப்புறேன், கச்சேரி கேட்டு எத்தனையோ காலமாச்சு.

மைக்செட்_வீட்டுப்பிள்ளை | வியாழன் காலை 7.15

பங்காளி, நேரலை போட்டா பாட்டுக் கம்பெனிக்காரன் உரிமை கேட்டுப் பாதியில சத்தத்தை அமுக்கிருவான், சிலப்ப நேரலையே நின்னுரும். வாசிக்கிறது நம்ம ஆளா இருந்தாலும் மெட்டு அவங்களோடது. பத்திரமா வேணும்னா யாராவது போன்ல பதிஞ்சு உங்களுக்குத் தனியா அனுப்பட்டும்.

வளவுத்திண்ணை | சனி காலை 11.20

தூங்கி எழுந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும்.

அம்மன் நிலைக்கு வந்து சேர ஒன்பது ஆச்சு, ஆச்சி சொன்னபடியே. நான் எட்டுக்கெல்லாம் போய் மேடைக்கு இடது பக்கம், தபேலாவுக்கு நேர் எதிர்ல இடம் பிடிச்சுட்டேன். காதுக்கு நல்ல இடம் மைக்செட் தம்பி சொன்னதுதான். ஆனா எனக்குக் கையைப் பாக்கணும். பனி இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. தபேலாக்காரர் உறையைக் கழட்டி ஒரு தட்டுத் தட்டினார், முகத்தைச் சுளிச்சார். மடியில சின்னச் சுத்தியலை வச்சுக்கிட்டு, வாருக்கு அடியில இருக்கிற மரக்கட்டையை ஒண்ணொண்ணாத் தட்டி இறக்குறார், சுருதி ஏறுது. கீபோர்டுக்காரர் ஒரே ஸ்வரத்தை விடாம அழுத்திக்கிட்டு இருக்கார். இவர் காதைத் தோலுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு, விளிம்பைச் சுத்தி ஒவ்வொரு கண்ணாத் தட்டி வர்றார். பின்னாடி இருந்து "எப்பத்தான்யா ஆரம்பிப்பீங்க"ன்னு கத்துறான் ஒருத்தன். பாதியில மறுபடி இறங்கிருச்சு. அறிவிப்பாளர் பேசுற நேரத்துல மறுபடியும் சுத்தியல்.

விநாயகர் பாட்டு, அம்மன் பாட்டு ரெண்டு, அப்புறம் டி.எம்.எஸ்., சுசீலா. இதுவரைக்கும் எல்லாக் குழுவும் ஒண்ணுதான். எண்பதுகளோட பாட்டுக்கு வந்தப்பத்தான் இந்தக் குழு எதுக்குன்னு தெரிஞ்சுது. பாடுற பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு போல. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி திரும்பி விரலைக் கீழ காட்டுச்சு, சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொல்லி. கீபோர்டுக்காரருக்கு ஒரு பட்டன். பேஸ்காரர் இடது கையை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்துக்கிட்டார். குழல்காரர்தான் பாவம், கையில இருந்ததைக் கீழ வச்சுட்டுத் துணிப்பையை விரிச்சார். உள்ள பத்துப் பன்னிரண்டு குழல், ஒவ்வொண்ணுலயும் நூல் சுத்தி, பேனாவால கட்டை எழுதியிருக்கு. இரண்டு, இரண்டரை, நாலு, நாலரை. அறிவிப்பாளர் பாட்டுப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொஞ்சம் நீளமான இன்னொண்ணை எடுத்து, உதட்டைத் துடைச்சு, சத்தம் வராம ஊதிப் பாத்து, முதல் சரணத்துக்கு முந்தி வர்ற வாத்தியப் பிட்டுக்குச் சரியா வந்து விழுந்தார் மனுசன்.

அந்தப் பிட்டுக்குத் திடலே "ஒன்ஸ் மோர்". பாடகர் சிரிச்சுட்டுப் பின்னாடி திரும்பிக் கையைச் சுழட்டுனார். தாளம் நிக்கவே இல்ல, அப்படியே நாலு சுத்துச் சுத்தி, குழல் மறுபடி வந்துச்சு. ரெண்டாந்தடவை அவர் அதே பிட்டை வாசிக்கல. கடைசி வரியில ஒரு கமகம் சேத்து இழுத்து இறக்கினார். ஒரிஜினல்ல அது கிடையாது. ராஜாண்ணே, அதுக்குத்தான் பெட்ரோல் போட்டு வந்தேன்.

இனி மனசு ஆறாத விஷயம். பத்தேகாலுக்கு மேல புதுப் பாட்டு ஒண்ணு ஆரம்பிச்சுது. சத்தம் திடீர்னு கும்முனு கூடுச்சு, கூட்டம் எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுது. நான் மேடையைப் பாக்கிறேன்: தபேலாக்காரர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். குழல்காரர் தண்ணி குடிக்கிறார். பேஸ்காரர் கம்பியைத் தொடுற மாதிரி விரலை ஆட்டுறார், அம்ப்ளிபையர் விளக்கே அணைஞ்சிருக்கு. லேப்டாப்ல முன்னாடியே பதிஞ்சு வச்ச வாத்திய டிராக் ஓடுது, ரெண்டு பேர் மேல பாடுறாக. அப்புறம் இன்னும் ரெண்டு பாட்டு அதே மாதிரி. எனக்குச் சப்புனு போச்சு.

கல்லூரிக்காரி | சனி மதியம் 12.10

நாங்களும் வந்தோம். ஆச்சி பக்கத்துல பாய்ல உக்காந்திருந்தோம், வெள்ளைப் பணியாரம் வேற கிடைச்சுது. டிராக் ஓடினது எங்களுக்குத் தெரியவே இல்ல அண்ணா, நீங்க சொல்லித்தான் தெரியுது.

எனக்கு உறுத்தினது வேற. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி அறிவிப்பாளர் அந்த அக்காவோட உடம்பைப் பத்தி ஏதோ ஜோக் அடிக்கிறார், அவங்க சிரிக்கிற மாதிரி நிக்கிறாங்க. பாடும்போது எவ்வளவு கம்பீரமா இருந்தாங்க! அப்புறம், அத்தனை பொம்பளைங்க வர்ற இடத்துல ஒரு கழிவறைக்கு ஏற்பாடு இல்ல. படம் காட்டுற எல்ஈடி சுவருக்கு மட்டும் காசு இருக்கு.

ஆனா குழல் வாசிச்ச அந்தத் தாத்தா! எங்க காலேஜுக்கு வந்த எந்த பேண்டும் இப்படி ஒருத்தரை ஒருத்தர் பாத்து வாசிச்சு நான் பாத்ததில்ல.

ரஸ்தா_ராஜா | சனி மதியம் 1.40

நானும் வந்தேன், பின்னாடி பைக் மேல உக்காந்து கேட்டேன். குழல் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கலை. ஆனா கூட்டம் எப்ப எந்திரிச்சுது? டிராக் போட்டப்பத்தான். அந்தப் புதுப் பாட்டுல இருக்கிற பேஸும் கோரஸும் ஒரு தபேலாவையும் ரெண்டு கீபோர்டையும் வச்சு வருமா? வராது. வராததை வாசிச்சுக் கெடுக்கிறதுக்கு டிராக் மேல். அதை ஏன் ஏமாத்துங்கிறீங்க?

வளவுத்திண்ணை | சனி மதியம் 2.00

டிராக் போட்டதை நான் ஏமாத்துங்கலை. வாசிக்காத கம்பியில விரலை ஆட்டினதுதான் ஏமாத்து. "இந்தப் பாட்டுக்கு டிராக்"னு மைக்ல சொல்லிட்டுப் போட்டா யாரும் சண்டைக்கு வரப்போறதில்ல.

பேட்_காரன் | சனி மாலை 4.30

நான் மிக்சருக்கு முன்னாடி நின்னேன். கிளம்புறப்ப அந்த பேஸ்காரரோட பேசினேன், ஆளைச் சொல்ல மாட்டேன். விரலை ஆட்டலைன்னா கமிட்டியில "சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்கு எதுக்குச் சம்பளம்"னு கேக்கிறாகளாம். அதனால ஆட்டுறாரு. இதைக் கேட்டுட்டு அவரைத் திட்ட எனக்கு வாய் வரலை.

மேடையில இருக்கிறவன் கண்ணுக்கு டிராக் எப்படின்னு சொல்றேன். டிராக் ஓட ஆரம்பிச்சா காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம், அதோட கையில. பாடகருக்கு மூச்சு வாங்குனாலும் அது நிக்காது. ஒரு வரியை நீட்டிப் பாடலாம்னு ஆசை வந்தா, நீட்டி முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த வரியில நிக்கும். ஒன்ஸ் மோர்னு கத்துனா முதல்ல இருந்து போடணும், இல்லாட்டி லேப்டாப்ல அந்த இடத்தைத் தேடணும், நடுவுல வெட்டுன மாதிரி ஒரு இடி. நேத்து குழலுக்கு நாலு சுத்து விட்டு மறுபடி வந்தாகளே, அது டிராக்ல நடக்கவே நடக்காது. சுருதி இறக்கினதும் அப்படித்தான். இப்ப சாப்ட்வேர்ல இறக்கலாம், ஆனா முன்கூட்டியே தெரியணும். பாட்டு ஆரம்பிக்கப் போறப்ப விரலைக் காட்டுனா ஒண்ணும் செய்ய முடியாது.

அதே சமயம் நான் யோக்கியன் மாதிரிப் பேசவும் முடியாது. 1985-ல ரோலண்ட் கம்பெனி முதல் ஆக்டோபேடை இறக்கினதுக்கு அப்புறம், போகப் போக எட்டு ரப்பர் தட்டுல தபேலாவும் டோலக்கும் காங்கோவும் வந்துருச்சு. எத்தனை தோல் வாத்தியக்காரர் வீட்டுக்குப் போனாரு! எங்க குழுவுல தபேலாவே கிடையாது, நான்தான் தபேலா. இன்னிக்கு லேப்டாப் என் நாற்காலிக்கு வருது. நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் புலம்புறது?

அரியக்குடி_ஆச்சி | சனி இரவு 8.15

தம்பி, பேட் வாசிக்கிறதும் கைதான். தப்பா அடிச்சாத் தப்பாக் கேக்கும்ல, அப்ப அது வாசிப்புத்தான். டிராக்ல யாரும் தப்புப் பண்ண முடியாது.

நான் வேற ஒண்ணைக் கவனிச்சேன். எங்க ஊரு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பேர் எல்லாருக்கும் தெரியும். 1890-ல பிறந்தவுக, வர்ணத்துல தொடங்கி, சின்னதும் பெரியதுமாக் கீர்த்தனை, ராகம் தானம் பல்லவி, கடைசியில லேசான சின்னப் பாட்டாத் துக்கடான்னு இன்னிக்கு சபாவுல நடக்குற கச்சேரி வரிசையைப் பழக்கத்துக்குக் கொண்டாந்தவுக. கனமானதை எங்க வைக்கணும், லேசானதை எங்க வைக்கணும்னு அவுகளுக்கு அம்புட்டு நிதானம். இந்தத் திடல் கச்சேரிக்கும் அப்படி ஒரு வரிசை இருக்குறதா எனக்குப் படுது. சாமி பாட்டு, பெருசுகளுக்குப் பழசு, அப்புறம் நம்ம வயசுக்காரவுகளுக்கு இளையராஜா, கடைசியில இளந்தாரிகளுக்குக் குத்து. வயசுப்படி பிரிச்சு வச்சிருக்காக. பழசு முடிஞ்சதும் எங்க வரிசையில இருந்த ரெண்டு அப்பத்தா பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாக, யாரும் சொல்லாமலே.

டிராக் பாட்டெல்லாம் துக்கடா இடத்துலதான் வந்துச்சு. அங்கயே இருக்கட்டும். நடுவுக்கு வராமப் பாத்துக்கிட்டாப் போதும். வளவு அண்ணன் கோவப்படுற அளவுக்கு நான் கோவப்படலை.

ஆனா அந்த அன்பளிப்பு வாசிக்கிறது இருக்கே! குழல் பிட்டு ஆரம்பிக்கிறப்ப மைக்கை எடுத்து "மேலத்தெரு இன்னாருடைய பேரன் ஐநூற்றி ஒண்ணு"ங்கிறாக. கொடுத்தவுக பேரைப் பாட்டு முடிஞ்சு சொன்னாக் கொறைஞ்சா போயிரும்? அறிவிப்பாளர் பேச்சைப் பத்தி அந்தப் பொண்ணு சொன்னதும் சரி. நான் நேத்தே கமிட்டியில ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

கமிட்டி_கணக்கு | ஞாயிறு காலை 10.00

வேற ஊர்த் திருவிழாக் கமிட்டியில நான் கணக்கு எழுதுறேன், இந்த ஊர் இல்ல. ஆனா எல்லா ஊர்லயும் கதை ஒண்ணுதான். தலைக்கட்டு வரி ஒரு தொகைதான் வரும். அதுல அன்னதானம், பந்தல், மேளம், வாணவேடிக்கை போக மிச்சம் கச்சேரிக்கு. பக்கத்து ஊர்ல எல்ஈடி சுவர் வச்சுட்டா நம்ம ஊர்லயும் வேணும்னு இளவட்டம் வந்து நிக்கும். சுவர், விளக்கு மாட்டுற சட்டம், விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் சேத்தா மேடையில வாசிக்கிறவங்க எல்லாரோட சம்பளத்தையும் தாண்டிரும். சுவருக்காரர்கிட்டப் பேரம் பேச முடியாது, வாடகை இதுதான்ம்பார். குழுக்காரர்கிட்டத்தான் பேசிக் குறைக்கலாம். குறைச்சா அவர் என்ன செய்வார்? ரெண்டு ஆளைக் குறைப்பார், லேப்டாப் வரும்.

குழல் இருக்கான்னு கமிட்டியில யாரும் கேக்கிறதில்ல. சுவர் எத்தனை அடிக்கு எத்தனை அடின்னு கேப்பாங்க. கேக்கிறவங்க நாலு பேர் இருந்தா நான் பேசிப் பாக்கிறேன்.

ரஸ்தா_ராஜா | ஞாயிறு காலை 10.40

இது நியாயமான பேச்சு. சுவர்ல அன்னிக்கு என்ன ஓடுச்சு? பாடுறவுக முகமும் நடுநடுவுல பூ விரியுற படமும்தான். அதை எடுத்துட்டு ஒரு வயலினைப் போட்டிருந்தா நானே முன்னாடி வந்து உக்காந்திருப்பேன். டிஜே பத்தின என் கருத்து அப்படியே இருக்கு, அது வேற கணக்கு.

சிங்கப்பூர்_பங்காளி | ஞாயிறு மதியம் 12.25

எங்க ஊர்க் கமிட்டி வருஷா வருஷம் என்கிட்ட அலங்கார வளைவுக்குக் காசு கேக்குது, என் பேரைப் போட்டு. அடுத்த வருஷம் வளைவு வேண்டாம், தபேலாவுக்கும் குழலுக்கும் நான் தர்றேன், பேர் வாசிக்க வேண்டாம்னு சொல்லப் போறேன். பேர் வாசிக்காம இருக்கிறதுக்குத் தனியாப் பணம் கேட்டாலும் கொடுத்துருவேன்.

பதிஞ்சு அனுப்பின மைக்செட் தம்பிக்கு நன்றி. குழல் பிட்டு வந்துருச்சு. நடுவுல ஐநூற்றி ஒண்ணும் வந்துருச்சு.

வளவுத்திண்ணை | ஞாயிறு மாலை 5.00

பங்காளி, அப்படிச் சொல்றப்ப "ஆள் வச்சு வாசிக்கணும்"னு தாள்ல எழுதி வாங்கிக்கங்க. இல்லாட்டி உங்க காசும் சுவருக்குத்தான் போகும்.

அடுத்து இவுக பள்ளத்தூர்ல ஒரு கல்யாண வீட்டுல வாசிக்கிறாகளாம். எனக்கு அழைப்பு இல்ல. முகப்புல நின்னு கேட்டா ஏதும் சொல்லுவாகளா ஆச்சி?

அரியக்குடி_ஆச்சி | ஞாயிறு மாலை 5.30

பாட்டுக் கேக்க வந்தவுகளை வான்னுதான் கூப்பிடுவாக, அதுவும் பள்ளத்தூர்ல. கல்யாண வீட்டுல மேடை சின்னது, சத்தமும் கம்மி, குழல் இன்னும் நல்லாவே கேக்கும். பந்தியில மட்டும் முதல் ஆளா உக்காந்துராதீங்க. எப்படியும் சாப்பிடாமப் போக விடமாட்டாக, கூப்பிட்டப்பறம் போங்க.

கல்லூரிக்காரி | ஞாயிறு இரவு 9.10

பேட் அண்ணா, ஒரு கேள்வி. என் ரூம்மேட் சின்ன வயசுல இருந்து வயலின் கத்துக்கிறா, கர்நாடக சங்கீதம்தான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தக் குழல் பிட்டைத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு இருக்கா. இந்த மாதிரிக் குழுவுல பொண்ணுங்களை வாசிக்கச் சேத்துப்பாங்களா, பாட மட்டும்தானா?

பேட்_காரன் | ஞாயிறு இரவு 10.05

எங்க குழுவுல வயலின் நின்னு ரொம்ப நாளாச்சு, ஆள் இல்லாமத்தான். பொண்ணுன்னு யாரும் தடுக்க மாட்டாக. ராத்திரி திரும்பி வர்ற வண்டிதான் பிரச்சினை, அதுக்கு வீட்டுல இருந்து ஒருத்தர் கூட வரட்டும், எங்க வேன்லயே இடம் இருக்கு.

ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிருங்க. நொட்டேஷன் எதுவும் கைக்கு வராது. பாட்டைக் கேட்டு, நடுவுல வர்ற பிட்டுகளைத் தானே எழுதிக்கிட்டு வரணும். கர்நாடகம் கத்தவுக ஸ்வரமா எழுதிருவாக, அது சுலபம். கஷ்டம் என்னன்னா, தனக்குப் பழகின சுருதியை விட்டுட்டு, பாடுறவுக எந்தக் கட்டையில கேட்டாலும் அந்த நேரத்துல மாத்தி வாசிக்கணும். வயலினுக்குத் துணிப்பை கிடையாது, கம்பியைத் திருகவும் நேரம் இருக்காது.

பாட்டு லிஸ்ட் அனுப்புறேன், முதல்ல அஞ்சு பாட்டு போதும். அவுக எந்தக் கட்டையில வாசிச்சுப் பழகுறாகன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.

கல்லூரிக்காரி | ஞாயிறு இரவு 10.20

நாலரையாம். லிஸ்ட்டை இப்பவே கேக்கிறா.